வேட்டுச் சத்தமும் காதின் ஆயுளும்

அருப்புக்கோட்டையைக் கடந்து திருச்சுழிச் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு முதலில் மனத்தில் படுவது இந்தச் சீமையின் நிசப்தமேயாகும். இரு புறமும் கரிசல் காடு. ஒரு பக்கம் பருத்தி, மறு பக்கம் சோளமோ மக்காச்சோளமோ. அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேல். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அதுவே ஊருக்கு ஒரு செய்தி. மௌனத்தையே உபதேசமாகக் கொண்டிருந்த ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார் என்று கேள்விப்படுகிறவர்கள், "வேறு எங்கே பிறந்திருப்பார்?" என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

ஆயினும் இந்த நிசப்தத்தை முழுவதும் நம்பி விடுவதற்கில்லை. இரவு சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிய பிறகு மக்காச்சோளக் கொல்லையில் பன்றி விரட்டும் வெடி கேட்கும். ஊர்ப் பொங்கல் வந்தால் அதிர்வேட்டு. வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர் காலமானால் அவரை வழியனுப்பவும் அதிர்வேட்டு. இதே ஜில்லாவில் மேற்கே இருக்கிறது சிவகாசி. அருப்புக்கோட்டை நகரத்துக்குள்ளோ தெருவுக்குத் தெரு விசைத்தறி. மழை விஷயத்தில் எப்படியோ, சத்த விஷயத்தில் இந்த வானம் பார்த்த பூமிக்குப் பஞ்சம் என்பதே கிடையாது.

இத்தனை சத்தங்களிலும் மிகப் பொல்லாதது துப்பாக்கியின் வேட்டு. அதைப் பற்றியும், அதன் அருகே நிற்கும் காதைக் காப்பாற்றிக் கொள்ளும் வழியைப் பற்றியுமே இங்கே எழுத முற்பட்டோம். "நம் வீட்டில் துப்பாக்கி ஏது?" என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். துப்பாக்கி இல்லாத வீட்டுக்குள்ளும் அதன் சத்தம் மூன்று வாசல் வழியாக நுழைகிறது. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் சிற்றப்பாவோ மாமாவோ கிராமத்தில் இருக்கலாம். பள்ளிக்கூடத்து என்.சி.சி. படையில் மகனோ மகளோ சேர்ந்திருக்கலாம். பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போன அண்ணன் தம்பிமார் இல்லாத கிராமமும் இந்தப் பக்கத்தில் அரிது. இவர்களில் ஒருவராவது நமக்கு உறவினராக இல்லாமற் போக மாட்டார்.

துப்பாக்கி நம்மவர் கையிலிருந்து போனதும் வந்ததும் ஒரு தனிக் கதை. 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் கொண்டு வரப்பட்ட ஆயுதச் சட்டம், இந்தியன் தன் வயலைக் காக்கவும் அன்னியனிடம் கை கட்டி லைசென்ஸ் கேட்க வேண்டிய நிலையை உண்டாக்கிற்று. காங்கிரஸ் மகாசபை தன் ஆரம்ப காலத்திலேயே அந்தச் சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானங்கள் செய்தது. சுயராஜ்யம் வந்த பின்னர், 1959-ல், நம்முடைய சொந்தப் பார்லிமெண்டே புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. லைசென்ஸ் வேண்டியதுதான் என்றாலும், உண்மையாகவே பயிர்க் காவலுக்காகக் கேட்கப்படும், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அந்தச் சட்டத்திலேயே தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். உழவனை நினைத்துச் செய்த காரியம் இது. ஆனால் சட்டம் அதிகாரியிடமும் அயலானிடமும் உழவனுக்குள்ள பொறுப்பைச் சொல்லுமே தவிர, அவன் காதுக்கு அவன் செய்ய வேண்டியதைச் சொல்லுவதற்கில்லை. அதை நாம்தான் வீட்டில் பேசிக் கொள்ள வேண்டும்.

துப்பாக்கியில் குறி தவறினால் பிறருக்கு ஆபத்து என்பது குழந்தைக்கும் தெரியும். குறி தவறாமல் சுட்டாலும், ஏன், குண்டே போடாமல் வெறும் மருந்தை வெடித்தாலும், சுட்டவனுக்கு ஓர் ஆபத்து உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

காதின் உள்ளே, நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஒரு சிறு எலும்புக் குழியில், திரவத்தில் மூழ்கிய வண்ணம் நுண்ணிய மயிர் போன்ற நுனிகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அசைத்து, மூன்று சிற்றெலும்புகளின் வழியாகச் சென்று, அந்தத் திரவத்தில் அலையை எழுப்புகிறது. அலை எந்த இடத்தில் ஓங்கி எழுகிறதோ அந்த இடத்து மயிரணுக்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நுழைவாயிலை ஒட்டிய அணுக்கள் கீச்சென்ற உயர்ந்த சுருதிக்கும், உள்கோடியில் உள்ளவை தாழ்ந்த சுருதிக்கும் உரியவை. இந்த அலையின் போக்கை ஆராய்ந்து கண்டதற்காகவே ஹங்கேரி தேசத்தில் பிறந்த கியோர்க் வான் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய அணுக்கள் ஒரு காதுக்கு எத்தனை என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 15,000. கண்ணின் திரையில் ஒளியை வாங்கும் அணுக்கள் பத்துக் கோடிக்கு மேல் இருக்க, காதுக்குப் பிரம்மதேவர் இவ்வளவு சிக்கனமாகப் படியளந்திருக்கிறார். மேலும், மனிதனுக்கு இவை பிறக்கும்போது கிடைத்தவையே கடைசி வரையில். மயிர் உதிர்ந்தால் முளைக்கும், தோல் கிழிந்தால் கூடும், எலும்பு முறிந்தாலும் ஒட்டும். இந்த மயிரணு செத்தால் செத்ததுதான். கோழிக்கும் ஏனைய பறவைகளுக்கும் இவை மறுபடி முளைக்கின்றன என்று 1980-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். குப்பையைக் கிளறும் கோழிக்குக் கிடைத்த பாக்கியம் நமக்குக் கிட்டவில்லை. அதே பாக்கியத்தை மருந்தினால் மனிதனுக்கு வரவழைக்க முடியுமா என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.

ஒலியின் அளவை டெசிபெல் என்ற கணக்கால் சொல்கிறார்கள். இது கடைத்தெருத் தராசுக் கணக்கு அன்று. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு கூடுகிறது. இருபது கூடினால் நூறு மடங்கு. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவில். என்.சி.சி. பிள்ளைகள் கையாளும் 'பாயிண்ட் டூ டூ' ரைபிளின் வேட்டு, சுடுகிறவரின் காதருகில், 140-ஐ ஒட்டி நிற்கும். பன்னிரண்டு போர்த் தோட்டாத் துப்பாக்கி 150-ஐத் தாண்டும். ராணுவ ரைபிளும் கைத்துப்பாக்கியும் 160-ஐத் தொடும். பேச்சின் 60-க்கும் வேட்டின் 140-க்கும் இடையே எண்பது டெசிபெல் வித்தியாசம். அதாவது பத்துக் கோடி மடங்கு. காகிதத்தில் 60, 140 என்று பார்க்கும்போது இரண்டரை மடங்குகூட இல்லையே என்று தோன்றுகிறதல்லவா? கணிதம் படித்தவர்களே இந்த இடத்தில் ஏமாந்து போகிறார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வெளியிட்ட யோசனைகளில், திடீர் வெடிச் சத்தத்தின் உச்சம் பெரியவர்கள் காதில் 140 டெசிபெலுக்கும் குழந்தைகள் காதில் 120-க்கும் மேற்படக் கூடாது என்று கூறியிருக்கிறது. ஆகவே அநேகமாக எந்தத் துப்பாக்கியும் முதல் வேட்டிலேயே எல்லைக் கோட்டில் கால் வைத்து விடுகிறது.

பெருஞ்சத்தம் கேட்டால் தன்னைக் காத்துக் கொள்ளக் காதுக்கு ஒரு சாதனம் இல்லாமல் இல்லை. நடுச்செவியில், மனித உடலின் தசைகளிலெல்லாம் மிகச் சிறியதான ஒரு தசை இருக்கிறது. இரைச்சல் வந்தவுடன் அது சிற்றெலும்பை இறுக்கிப் பிடித்து ஒலியை மட்டுப்படுத்தும். இடி முழக்கம் போல் படிப்படியாக ஏறி வரும் ஓசைக்கு இது ஓரளவு உதவும். ஆனால் அந்தத் தசை விழித்துக் கொள்வதற்கு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை ஆகிறது. துப்பாக்கி வேட்டோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உச்சத்தை எட்டி விடுகிறது. கொள்ளை முடிந்து ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு வந்து சேரும் காவல்காரனைப் போன்றது இந்தத் தசை.

தொழிலால் காது கெடும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. இத்தாலிய வைத்தியர் ரமத்ஸீனி 1700-ல் வெளியிட்ட நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புக் கொட்டிகள் நாளெல்லாம் சுத்தியலடி கேட்டுச் செவிடாவதை எழுதியிருக்கிறார். கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற டாக்டர் 1886-ல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து அதையே நிரூபித்தார். ஆனால் தறியும் சுத்தியலும் பத்து இருபது வருஷத்தில் செய்வதைத் துப்பாக்கி ஒரு நொடியில் செய்து விடக் கூடும். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரொனால்ட் ரீகன், சினிமா நடிகராக இருந்த காலத்தில் படப்பிடிப்பில் காதுக்கு மிக அருகே ஒரு கைத்துப்பாக்கி வெடித்ததால் கேள்வி குறைந்தவர். 1983-ல், பதவியில் இருக்கும்போதே, காதில் கேட்புக் கருவி வைத்துக் கொண்டார். அத்தனை அதிகாரமும் வைத்திய வசதியும் படைத்த மனிதருக்கும் போன காது திரும்பவில்லை.

துப்பாக்கிச் செவிடுக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வலது தோளில் கட்டையைப் பதித்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதே முதலில் கெடுகிறது. வலது கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது வலது காது தலையின் மறைவில் ஒதுங்கி விடுகிறது. இடது காதோ குழல் வாயை நோக்கித் திரும்பி நிற்கிறது. இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இது தலைகீழ். துப்பாக்கி பிடித்த பழைய மனிதர் ஒருவர், யாராவது பேசினால் முகத்தைச் சற்று ஒருக்களித்து ஒரே காதைக் கொடுத்துக் கேட்பதை நேயர்களும் கவனித்திருக்கலாம்.

இவ்வாறு கெடும் காது முழுச் செவிடு ஆவதில்லை என்பதுதான் சங்கடம். விநாடிக்கு 4,000 அதிர்வு என்ற உயர்ந்த சுருதியின் அக்கம்பக்கத்தில் முதற் பள்ளம் விழுகிறது. உயிரெழுத்தோசைகள் தாழ்ந்த சுருதியில் பலத்துடன் ஒலிப்பதால் அவை கேட்கும். ஒரு மெய்யை மற்றொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்ணிய ஓசைகளோ பெரும்பாலும் மேல் சுருதியில் இருக்கின்றன. அவை கழன்று போகும். ஆகவே 'பத்து' என்றால் 'பட்டு' என்றும் 'பச்சை' என்றும் மயக்கம். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது விளங்கவில்லை" என்று அவர்கள் சொல்வது முற்றும் உண்மை. வீட்டார் இதை அறியாமல், "வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும்; வேண்டாதது கேட்காது" என்று பரிகாசம் செய்வார்கள். ஸ்திரீகளின் குரலும் குழந்தைகளின் குரலுமே முதலில் தெளிவு குன்றும். பேரப் பிள்ளை மழலையில் ஏதோ சொல்லிவிட்டு மறுமொழிக்காக முகத்தைப் பார்க்கும்போது, தாத்தா விளங்காமல் வெறுமே தலையை ஆட்டுவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை! சிறிது காலத்தில் அந்தக் குழந்தை வேறு யாரிடமாவது பேசப் போய் விடுகிறது. அவரும் கல்யாண வீட்டில் ஒரு மூலையாகப் பார்த்து உட்காரப் பழகி விடுகிறார்.

இவற்றுடன் சிலருக்குக் காதிரைச்சல் வேறு சேர்ந்து கொள்ளும். ஊர் உறங்கும் வேளையில் சுவர்க்கோழி கத்துவதைப் போல உள்ளேயிருந்து ஓயாமல் ஒரு 'ஙொய்' என்ற ஓசை. அமெரிக்காவில் முன்னாள் சிப்பாய்களுக்குச் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்கும் உடற்குறைகளில், எண்ணிக்கையில் முதலிடம் இந்தக் காதிரைச்சலுக்குத்தான். கை கால் இழப்புக்கு அன்று.

சுட்டவுடன் காது அடைத்து 'ஙொய்' என்று கேட்டு, மறு நாள் சரியாகி விட்டால், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக் கொள்கிறோம். குஜாவா, லிபர்மேன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த நம்பிக்கையைக் குலைத்தது. சுண்டெலிகளுக்கு இரைச்சலைக் கேட்கச் செய்து, சில நாளில் அவற்றின் கேள்வி பழைய நிலைக்கு வந்த பிறகு, காதைத் திறந்து பார்த்தார்கள். மயிரணுக்கள் இருந்தன, அவற்றை நரம்புடன் இணைக்கும் முனைகளில் பாதியளவு அழிந்து போயிருந்தன. மனிதர் காதை அவ்வாறு திறந்து பார்ப்பதற்கில்லை. ஆயினும் 'தானே சரியாகிவிட்டது' என்ற சொல்லை இனி எளிதாக நம்ப முடியாது.

இனி இந்தச் சீமையின் காவல்காரர் விஷயத்துக்கு வருவோம். காட்டுப் பன்றியின் உபத்திரவம் எத்தகையது என்பதை ஒரே இரவில் மக்காச்சோளத்தையோ நிலக்கடலையையோ பறி கொடுத்தவர்களே அறிவார்கள். பகலெல்லாம் கருவேல முள்ளுக்குள் படுத்திருந்து இரவில் கூட்டமாக வருகின்றன. பன்றியைச் சுட உழவனுக்கு உரிமை கிடையாது. 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் செய்த ஏற்பாட்டின்படியும், காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளையே சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற சிப்பந்திகளே செய்ய வேண்டும். ஆகவே உழவர் செய்யக் கூடியது விரட்டுவது ஒன்றுதான். சிலர் பட்டாசு வெடிக்கிறார்கள். சிலர் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்த்து, உண்டாகும் வாயுவைக் கொளுத்தும் வெடிக்குழாயைப் பிடிக்கிறார்கள். இந்தக் குழாயை மட்டும் வீட்டுக்குள் விடக் கூடாது என்பது நமது திடமான அபிப்பிராயம். 2025 தீபாவளியின்போது போபால் முதலிய இடங்களில் குழந்தைகள் இதை விளையாட்டுச் சாமானாக வாங்கி, அநேகர் கண்ணில் காயமுற்று, சிலர் பார்வையையும் இழந்தார்கள். முகத்தருகே வெடிக்கும் அது காதை மட்டும் விட்டு வைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

காவல்காரரிடம் "காதை அடைத்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். "ஐயா, இருட்டில் எனக்குக் கண்ணே காதுதானே? தட்டை சரசரப்பதைக் கேட்டுத்தான் பன்றி எந்த மூலையில் இருக்கிறது என்று அறிகிறேன். காலடியில் பாம்பு சீறினாலும் காதுதான் சொல்ல வேண்டும். அதை அடைத்துக் கொண்டு என்ன காவல் காப்பேன்?" இந்தக் கேள்வியைப் பட்டணத்தில் இருந்து கொண்டு அலட்சியம் செய்வது தகாது. காதை நம்பிப் பிழைக்கிறவர் காதுதான் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது. அவரிடம் அதை எந்நேரமும் அடைத்து வைக்கச் சொல்வதும் ஆகாது. இதற்கு நடைமுறையில் உள்ள வழி எளியது. இரண்டு அடைப்பான்களையும் ஒரு கயிற்றில் கோத்து விற்கிறார்கள். அதைக் கழுத்தில் தொங்க விட்டுக் கொள்ளலாம். கேட்கும்போது திறந்த காது. வெடிப்பதென்று முடிவு செய்ததும் முதலில் காது, பிறகு வெடி. சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற பொருளால் அடுக்கு அடுக்காகச் செய்த அடைப்பான் இருட்டிலும் ஒரு நொடியில் ஏறி விடும். அதற்கும் அவகாசம் இல்லாவிட்டால், பட்டாசைத் தரையில் வைத்துத் திரி கொளுத்துகிறவர் சில அடி விலகி இரு காதுகளின் முன்னுள்ள சிறு குருத்தையும் விரலால் அழுத்தி மூடிக் கொள்ளலாம். நம் பாட்டிமார் அதிர்வேட்டுக்குக் குழந்தையின் காதைப் பொத்தியது வெறும் பயத்தினால் அல்ல. நன்றாக அழுத்தி மூடிய விரல் ஒரு நல்ல அடைப்பானுக்கு அதிகம் பின்வாங்காது. ஆனால் துப்பாக்கி பிடித்த கைக்கு அந்த வசதி இல்லை.

காதில் பஞ்சை வைத்துக் கொள்வது எங்கும் உள்ள வழக்கம். மனத்துக்குத் தைரியம் கொடுப்பதைத் தவிர இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஐந்து ஆறு டெசிபெலுக்கு மேல் உலர்ந்த பஞ்சு தடுப்பதில்லை. பாட்டுக் கேட்பதற்காகக் காதில் செருகும் சிறு கருவிகளையும் இதற்கு நம்பக் கூடாது. வாயைத் திறந்து கொண்டால் போதும் என்று பீரங்கிப் படையினரிடையே வழங்கிய நம்பிக்கையும் உட்செவியைக் காப்பதில்லை.

ஒரு டம்ளர் காப்பியின் விலைக்குள் கிடைக்கும் ஸ்பாஞ்சு அடைப்பான், சரியாகப் பொருந்தினால், முப்பது டெசிபெல் வரை குறைக்கும். 'சரியாகப் பொருந்தினால்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். பாதி செருகினால் பாதிப் பலன்கூட இல்லை. கையைக் கழுவிக் கொண்டு, அதை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரி போல் ஆக்க வேண்டும். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போய் வலது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துவாரம் நேராகும். திரியை உள்ளே விட்டு, அது உப்பி நிறையும் வரையில், அரை நிமிஷம், விரலால் பிடித்திருக்க வேண்டும். தன் குரல் தனக்கே குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காதில் சீழ் வடிகிறவர்கள் இதை வைத்துக் கொள்ளாமல், காதை வெளியே கவிந்து மூடும் கிண்ணம் போன்ற காதுமூடியை உபயோகிக்கலாம்.

பெரிய துப்பாக்கிக்கு அடைப்பான், மூடி இரண்டும் வேண்டும். அடைப்பான் 30, மூடி 25, ஆகக் கூடி 55 என்று யாரும் கூட்டி விட வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ஐந்து முதல் பத்து டெசிபெல் வரைதான் கூடுதலாகக் குறையும். அதற்கு மேல் ஒலி மண்டையோட்டின் வழியாகவே உள்ளே போய் விடுகிறது. ஆயினும் அந்த ஐந்து பத்தும், மேலே சொன்ன கணக்கின்படி, மூன்று முதல் பத்து மடங்கு அல்லவா? அன்றியும், தகரக் கொட்டகைக்குள்ளிருந்தோ சுவரை ஒட்டியோ சுடுவது திறந்த வெளியில் சுடுவதைவிடக் கெடுதல். எதிரொலி மீண்டும் காதில் அறைகிறது. சுடுகிறவரின் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறவரும் சுடுகிறவரைப் போலவே காதை மூடிக் கொள்ள வேண்டும்.

அடைப்பான் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அமெரிக்க விவகாரம் அத்தாட்சி. அந்நாட்டுப் படையினருக்குச் சில வருஷங்கள் இரு முனையுள்ள ஓர் அடைப்பான் கொடுக்கப்பட்டது. ஒரு முனையைச் செருகினால் எல்லா ஓசையும் தடைப்படும். மறு முனையைச் செருகினால் பேச்சுக் கேட்கும், வேட்டு மட்டும் மட்டுப்படும். யோசனை நேர்த்தியானதுதான். ஆனால் அதன் தண்டு நீளம் போதாமல் பலர் காதில் சரியாக அமரவில்லை என்று வழக்கு எழுந்தது. அதை விற்ற 3எம் கம்பெனி, குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலே, 2018-ல் அரசாங்கத்துக்கு 91 லட்சம் டாலரும், பின்னர் 2023-ல் லட்சக் கணக்கான சிப்பாய்களின் வழக்குகளைத் தீர்க்க 601 கோடி டாலரும் கொடுக்க இசைந்தது. பணம் கிடைத்தவர்களுக்குக் காது கிடைக்கவில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வருவோம். 1948-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தால் ஏற்பட்ட என்.சி.சி., தேசத்துப் பிள்ளைகளுக்கு நடையையும் நிமிர்வையும் கொடுத்த ஸ்தாபனம். அதில் மகனையோ மகளையோ சேர்க்கத் தயங்கும் பெற்றோருக்கு நாம் ஒருபோதும் துணை போக மாட்டோம். முகாமில் ஒரு பிள்ளை சுடுவது சில ரவுண்டுகளே. ஆனால் அந்தப் பிள்ளை தன் முறை வரும் வரையில் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதையும் கேட்டுக் கொண்டிருக்கிறது. பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரும் உடன் நிற்கும் ஆசிரியரும் அத்தனை பேருடைய வேட்டையும் வருஷந்தோறும் கேட்கிறார்கள். உண்மையில் மிகுந்த ஆபத்து அவர்களுக்கே. முகாமுக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் சோப்பு, சீப்புடன் இரண்டு ஜோடி அடைப்பானும் வைத்து அனுப்பலாம். அதற்கு முன் வீட்டிலேயே நாலைந்து தரம் செருகிப் பழக்க வேண்டும். காதை அடைத்த பிள்ளைகளுக்குக் கட்டளை கேட்காதே என்ற ஆட்சேபணை சரியானதே. அதற்காகத்தான் கொடியும் கைச் சைகையும் இருக்கின்றன. கட்டளையைச் சுடுவதற்கு முன்பே இருமுறை விளக்கி விடலாம். 'காதை மூடுகிறவன் கோழை' என்ற எண்ணம் பையன்களிடையே உண்டு. ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகச் சுட்டவர்களின் படங்களைக் காட்டினால் அது தீர்ந்து விடும். பாரிஸில் 2024-ல் நடந்த போட்டியில் பங்கு பெற்ற நம் புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமானைப் போன்றவர்கள் கையாளும் துப்பாக்கிக்குக் காதுக் காவல் இல்லாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை.

திருவிழா வேட்டு விஷயத்தில் பலர் நம்முடன் சண்டைக்கு வரலாம். வேட்டே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடைப் பட்டாசுக்கு 1999-ல் மத்திய சர்க்கார் ஓர் எல்லை வகுத்தது: வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபெல், உச்ச அளவில் 145. கையால் மருந்து கெட்டித்து வெடிக்கும் அதிர்வேட்டின் அளவோ கெட்டிக்கிறவர் கையில் இருக்கிறது. ஆனால் தூரம் நம் கையில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் குறையும். நாலு மீட்டரில் 125 ஆக இருப்பது எட்டில் 119, பதினாறில் 113, முப்பத்திரண்டில் 107, அறுபத்து நாலில் 101. ஆகையால் குழந்தையுடன் வந்தவர்கள் தெருவின் மறு கோடியில் நின்றாலே பெரும் பகுதி ஆபத்து நீங்கி விடுகிறது. தகப்பனார் தோளில் உட்கார்ந்து சுவாமி பார்க்கும் குழந்தையைத்தான் நாம் பயத்துடன் பார்ப்பது வழக்கம். தகப்பனாரின் இரண்டு கையும் குழந்தையின் காலைப் பிடித்திருக்கும். குழந்தையின் இரண்டு கையும் தகப்பனாரின் தலையைப் பிடித்திருக்கும். அந்த நாலு காதுகளையும் மூட ஒரு கையும் மிச்சமில்லை.

விசைத்தறியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே இரண்டு வார்த்தை. தறிக் கொட்டகையின் இரைச்சல் 95 முதல் 100 டெசிபெல்லை ஒட்டியது. தொழிற்சாலைச் சட்ட விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 என்று எல்லை வைத்திருக்கின்றன. துப்பாக்கி ஒரே அறையில் செய்வதைத் தறி தினம் தினம் தடவித் தடவிச் செய்கிறது. கெடுவது அதே 4,000 அதிர்வுச் சுருதியில், ஆனால் இரண்டு காதிலும் ஒரு சேர. தறி ஓட்டுகிறவரும் காவல்காரரைப் போலவே, "இழை அறுந்தால் ஓசையில்தானே கண்டுபிடிக்கிறேன்?" என்பார். அடைப்பான் வைத்த சில நாளில் தறியின் ஓசை மாறுவது அடைப்பானுக்குள்ளேயும் புலப்படத் தொடங்கும். இரைச்சல் முழுவதும் சேர்ந்து தணிகிறதே தவிர, ஓசையின் பேதம் அழிவதில்லை. வீட்டை ஒட்டித் தறி வைத்திருப்பவர்கள் தொட்டிலைத் தறிச் சுவர்ப் பக்கம் கட்டாமலிருப்பது நலம்.

வேட்டுக்குப் பிறகு காது அடைப்போ இரைச்சலோ ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலும், ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும், எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் கொண்டிருக்காமல் உடனே காது வைத்தியரிடம் போக வேண்டும். ஆரம்ப நாட்களில் கொடுக்கும் மருந்தினால் சிலருக்குப் பலன் உண்டு. மாதக் கணக்கில் பொறுத்துப் போனால் வைத்தியருக்கும் செய்வதற்கு அதிகம் இராது. முன்பெல்லாம் இந்தப் பக்கத்தவர்கள் பெரிய வைத்தியத்துக்கு மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காதைச் சோதிக்கும் முறையில் வலி ஏதும் கிடையாது. சத்தம் புகாத ஓர் அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுருதியாக மெல்ல ஒலிக்கச் செய்து, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அரை மணியில் வலது, இடது காதுகளுக்கு இரண்டு கோடுகள் வரைந்த ஒரு படம் கையில் கிடைக்கிறது. படையில் சேரப் போகிறவர்களும், பயிர்க் காவல் லைசென்ஸ் வாங்குகிறவர்களும், தறியில் முதல் நாள் ஏறுகிறவர்களும் அந்தப் படத்தை ஒரு தரம் எடுத்துப் பள்ளிச் சர்ட்டிபிகேட்டுடன் வைத்துக் கொண்டால், இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடம் 4,000 என்று எண் போட்டிருக்கும் கட்டம். அதிலும் முதலில் இடது காதின் கோடு.